மானுக்கும் கொயோட்டிக்கும் ஒரே ரைஃபிள்: அமெரிக்காவில் முதல் வேட்டைத் துப்பாக்கி வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

அமெரிக்காவில் வசித்து, உரிமம் எடுத்து, முறையாக வேட்டைக்குப் போக விரும்பும் தமிழர்களுக்கு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அதனால் இங்கே சொல்லும் எதுவும் அங்கே பொருந்தாது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தின் வனவிலங்குத் துறையும் எத்தனை மான், எந்த மாதம், ஆணா பெண்ணா என்று கணக்குப் பார்த்து அனுமதி தருகிறது. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் உற்பத்தியாளர் விலையில் 11 சதவீதம் கூட்டாட்சி வரி உண்டு. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. வேட்டைக்காரர்களே வரி கட்டி வளர்த்த ஏற்பாடு இது. அதில் சேருகிறவர் அந்தப் பொறுப்போடு சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

மான் என்றால் எந்த மான்? தொல்லை விலங்கு என்றால் எது?

மான் என்று இங்கே நான் சொல்வது இரண்டு வகை. கிழக்கிலும் தெற்கிலும் எங்கும் இருக்கும் வெள்ளைவால் மான். மேற்கே ராக்கி மலைப்பக்கம் இருக்கும், கழுதைக் காதுகள் கொண்ட மியூல் மான். இரண்டுக்கும் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறத்தாழ 8 அங்குல வட்டம். குறி வைக்க வேண்டியது அங்கேதான்.

அமெரிக்கர்கள் வார்மின்ட் என்று சொல்லும் தொல்லை விலங்குகளில் முக்கியமானவை மூன்று. ஆட்டுக்குட்டியையும் கன்றையும் தூக்கும் கொயோட்டி பெரும்பாலும் 25 முதல் 40 பவுண்டு இருக்கும். தோட்டத்தையும் தொழுவத்தின் அடித்தளத்தையும் தோண்டிப்போடும் வுட்சக் அதைவிட மிகச் சிறியது. மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ப்ரெய்ரி டாக் இரண்டு மூன்று பவுண்டுதான். அதன் உடல் நிமிர்ந்து நிற்கும்போதும் சில அங்குல அகலம்தான் தெரியும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மானுக்கு ஆழமாக ஊடுருவும் குண்டு வேண்டும். ப்ரெய்ரி டாக்கிற்குத் தட்டையாகப் பறந்து, பட்டதும் உடைந்து, மண்ணில் தெறித்து எகிறாமல் அங்கேயே முடியும் குண்டு வேண்டும்.

ஒரே ரைஃபிள் இரண்டுக்கும் போதுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மான், இடையில் பண்ணையில் கொயோட்டி, கோடையில் கொஞ்சம் வுட்சக் என்றால் ஒரே ரைஃபிள் தாராளம். என் தேர்வு .243 வின்செஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் ரைஃபிள். போல்ட் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை, 22 அங்குலக் குழல், 3-9 மடங்கு ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி. இதைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்வேன்.

ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடும் ப்ரெய்ரி டாக் பயணம்தான் உங்கள் ஆசை என்றால் கதை வேறு. அதற்குத் தனி ரைஃபிள் வாங்குங்கள். காரணம் கீழே குழலைப் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

ஏன் .243? அதில் அப்படி என்ன இருக்கிறது?

இதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கும் கேள்வியையே 1955-இல் இரண்டு பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டன. இரண்டும் வேறுவேறு பதில் சொன்னதில் ஒன்று வென்றது, மற்றது தோற்றது.

அந்த ஆண்டு வின்செஸ்டரும் ரெமிங்டனும் ஆளுக்கொரு 6 மில்லிமீட்டர் தோட்டாவை வெளியிட்டன. தோட்டா என்றால் ஒரு கூடு, அதற்குள் வெடிமருந்து, கழுத்தில் குண்டு. வின்செஸ்டர் தன் .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி .243 செய்தது. ரெமிங்டன் பழைய ஜெர்மானிய 7×57 மவுசர் கூட்டை எடுத்து .244 செய்தது. கூட்டில் கொள்ளும் வெடிமருந்தின் அளவு பார்த்தால் ரெமிங்டனுடையதுதான் சற்றுப் பெரியது. குண்டின் விட்டம் இரண்டிலும் ஒன்றே.

வித்தியாசம் குழலுக்குள் இருந்தது. குழலின் உட்புறச் சுருள் வரிகள் குண்டைச் சுழற்றிவிடுகின்றன. சுழல்வதால்தான் அது தலைகீழாகப் புரளாமல் நேராகப் பறக்கிறது. குண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வரி போட்டது. கொயோட்டிக்கு 80 கிரெய்ன் குண்டு, மானுக்கு 100 கிரெய்ன் குண்டு என இரண்டு தோட்டாக்களைச் சேர்த்தே விற்றது. ரெமிங்டன்காரர்கள் 6 மில்லிமீட்டர் என்றால் தொல்லை விலங்குகளுக்குத்தான் என்று முடிவு கட்டி, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போட்டு, 75, 90 கிரெய்ன் குண்டுகளோடு நின்றுவிட்டார்கள். 100 கிரெய்ன் கூர்முனைக் குண்டை அந்தக் குழல் நம்பகமாக நிலைநிறுத்தாது என்ற பேச்சு பரவியது.

வாங்குகிறவர்கள் வீட்டுக்கு ஒரு ரைஃபிள்தான் வாங்கப் போகிறார்கள். நவம்பரில் மானுக்கும், ஜூனில் வுட்சக்குக்கும் அதே ரைஃபிள் உதவ வேண்டும். அவர்கள் .243-ஐ எடுத்தார்கள். ரெமிங்டன் 1963-இல் வரியை 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றி, 6 எம்.எம். ரெமிங்டன் என்று புதுப்பெயரும் வைத்தது. அருமையான தோட்டா, ஆனால் அதற்குள் சந்தை கைமாறிவிட்டது. இன்று .243 தோட்டா சிற்றூர்க் கடைகளிலும் இருக்கும். 6 எம்.எம். ரெமிங்டன் தோட்டாவைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

கடையில் ரைஃபிள் பார்க்கும்போது குழலில் பொறித்திருக்கும் சுற்று எண்ணைப் பாருங்கள். .243-க்கு 9 முதல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால் இரண்டு வேலைக்கும் நல்லது.

கிரெய்ன் என்றால் என்ன? எந்த எடைக் குண்டு எதற்கு?

துப்பாக்கி உலகில் குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 100 கிரெய்ன் என்றால் ஆறரை கிராம்.

.243-இல் மானுக்கு 90 முதல் 100 கிரெய்ன். 100 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2960 அடி வேகத்தில் கிளம்பும், குழல் வாயில் ஆற்றல் ஏறத்தாழ 1950 அடி-பவுண்டு. கொயோட்டிக்கும் ப்ரெய்ரி டாக்கிற்கும் 55 முதல் 75 கிரெய்ன். ஹார்னடி கம்பெனியின் 58 கிரெய்ன் வி-மேக்ஸ் என்ற தொல்லை விலங்குக் குண்டு நொடிக்கு 3750 அடியில் போகும்.

எடையைவிட முக்கியமானது குண்டின் கட்டுமானம். தொல்லை விலங்குக் குண்டுகளின் உறை மெல்லியது. பட்ட நொடியில் மண்சட்டி மாதிரி சிதறும். கொயோட்டி அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அதே குண்டை மானின் தோள்பட்டையில் போட்டால் மேலோட்டமான பெரிய காயம் உண்டாகும், நுரையீரலை எட்டாமலே போகலாம். மான் ஓடிப்போய் எங்கோ புதரில் நாள்கணக்கில் கிடந்து சாகும். வேட்டையில் இதைவிட மோசமானது எதுவும் இல்லை. "வேகம் அதிகம், அதனால் மானுக்கும் போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மானுக்கு உறை தடித்த, விரிந்தாலும் உடையாத குண்டு வேண்டும். 1939-இல் வந்த ரெமிங்டன் கோர்-லாக்ட் இன்றும் விலை குறைந்த, நம்பத்தக்க குண்டு. ஜான் நாஸ்லர் 1940-களில் உருவாக்கிய பார்ட்டிஷன் குண்டின் நடுவில் ஒரு செம்புத் தடுப்பு இருக்கிறது. முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே உள்ளே போகும். கனடாவில் ஒரு மூஸ் மானின் மேல் தன் குண்டுகள் உள்ளே போகாமல் நின்றதைப் பார்த்த பிறகு அவர் யோசித்துச் செய்தது அது. 100 கிரெய்ன் பார்ட்டிஷன் இருந்தால் .243 தன் அளவுக்கு மீறி வேலை செய்யும்.

தோட்டாப் பெட்டியில் வார்மின்ட் என்ற சொல்லோ, மான் படமோ இருக்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள். வேட்டைக்குக் கிளம்பும்போது ஒரு வகைத் தோட்டாவை மட்டும் பையில் வையுங்கள், மற்றதை வீட்டிலேயே பூட்டிவிடுங்கள்.

என்னிடம் .223 இருக்கிறது. மானுக்கு ஆகாதா?

1964-இல் வந்த .223 ரெமிங்டன் கொயோட்டிக்கு அற்புதமானது. தோட்டா மலிவு, சுடும்போது தோளில் படும் உதை மிகக் குறைவு, குழலும் நீண்ட நாள் தாங்கும். மானுக்கு என்றால் முதலில் சட்டம் பாருங்கள். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர் (அங்குலத்தில் குழல் துளையின் அளவு), 70 கிரெய்ன் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். வர்ஜீனியாவில் .23-க்குக் குறைந்தது கூடாது. இரண்டு இடத்திலும் .223 தள்ளுபடி. டெக்சாஸில் செல்லும்.

சட்டம் அனுமதித்தாலும், மானுக்கென்றே செய்த கனமான குண்டோடு, நிதானமாக நிற்கும் மானை, 150 கஜத்துக்குள் சுடத் தெரிந்தவருக்குத்தான் அது. தொடக்கக்காரர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

.22-250? .25-06? 6.5 க்ரீட்மூர்? எல்லாரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

.22-250 ரெமிங்டன் தனிப்பட்ட துப்பாக்கித் தச்சர்கள் பல ஆண்டுகள் செய்துபார்த்த தோட்டா. ரெமிங்டன் 1965-இல் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. 300 கஜத்தில் நிற்கும் ப்ரெய்ரி டாக்கிற்கு இதைப் போல வராது. ஆனால் வழக்கமான குழல்களில் 14 அல்லது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். கனமான மான் குண்டை அது சுழற்றித் தராது. ஒற்றை வேலைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

.25-06 நான் மிகவும் மதிக்கும் தோட்டா. .30-06 கூட்டின் கழுத்தைச் சுருக்கியது, 1969 முதல் ரெமிங்டன் விற்கிறது. 75 கிரெய்ன் முதல் 120 கிரெய்ன் வரை குண்டு கிடைக்கும். வயோமிங், மொன்டானா போன்ற திறந்த வெளிகளில் மியூல் மானும் ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கும் முதல் வேலை, கொயோட்டி இரண்டாவது என்றால் .243-ஐவிட இது மேல். நீள ஆக்‌ஷன், 24 அங்குலக் குழல், சற்றுக் கூடுதல் உதை, தோட்டா விலையும் கூடுதல். இதற்குச் சம்மதம் என்றால் தயங்காமல் எடுங்கள்.

6.5 க்ரீட்மூர் 2007-இல் ஹார்னடி கொண்டுவந்தது. மானுக்கு .243-ஐவிட இடம் கொடுக்கும், 300 கஜம் தாண்டினால் காற்றையும் நன்றாகத் தாங்கும். 95 கிரெய்ன் வி-மேக்ஸ் குண்டும் இதற்கு உண்டு. மானுக்கு நான்கில் மூன்று பங்கு, கொயோட்டிக்கு ஒரு பங்கு என்றால் இது சரி. எல்க் மானும் என்றாவது ஒருநாள் ஆசை என்றால் நிச்சயம் இது.

.308, .30-06 இரண்டும் மானுக்குப் பழம்பெரும் தோட்டாக்கள்தான். இரண்டு மூன்று பவுண்டு விலங்குக்கு அவ்வளவு மருந்தை எரிப்பதில் அர்த்தமில்லை. உதையும் பொருட்டு: ஒரே எடை ரைஃபிளில் .30-06, .243-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உதைக்கும். உதைக்குப் பயந்த தோள், விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் சுருங்கும். குறி தவறுவதற்குத் தொடக்கக்காரர்களிடம் நான் பார்க்கும் முதல் காரணம் அதுதான்.

நான் இருக்கும் மாநிலத்தில் .243 அனுமதிக்கப்படுமா?

பெரும்பாலான மாநிலங்களில் ஆம். ஓஹையோ போன்ற சில மத்திய மேற்கு மாநிலங்கள் விதிவிலக்கு. சமதளமும் நெருக்கமான ஊர்களும் உள்ள இடங்களில் குண்டு வெகுதூரம் போகக்கூடாது என்பதால், மானுக்கு ரைஃபிளில் நேர்ச்சுவர்த் தோட்டாக்களை, அதாவது கூட்டின் கழுத்து சுருங்காத தோட்டாக்களை, மட்டும் அனுமதிக்கிறார்கள். ஓஹையோவில் அந்த அனுமதியே 2014-இல்தான் வந்தது. 2019-இல் வின்செஸ்டர் .350 லெஜெண்ட் என்று ஒன்று கொண்டுவந்தது இப்படிப்பட்ட மாநிலங்களை மனதில் வைத்துத்தான். ஓஹையோவில் கொயோட்டிக்கு .243 சரி, மானுக்கு ஆகாது. அங்கே இருப்பவர்களுக்கு இரண்டு ரைஃபிள்தான் வழி.

பென்சில்வேனியாவில் தானியங்கி மறுநிரப்பு ரைஃபிளை மானுக்குப் பயன்படுத்தக் கூடாது. நான் போல்ட் ஆக்‌ஷனைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ரைஃபிளை அனுமதிக்கும் பெரும்பாலான மாநிலங்களில் அதற்குப் பிரச்சினை வராது. விதிகள் ஆண்டுதோறும் மாறும். உங்கள் மாநில வனவிலங்குத் துறை அந்த ஆண்டுக்கு வெளியிடும் வேட்டை விதிப் புத்தகம்தான் கடைசி வார்த்தை.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். ரைஃபிள் வாங்கலாமா?

கிரீன் கார்டு உள்ளவர்கள் குடிமக்களைப் போலவே வாங்கலாம். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் வாங்கலாம்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம், மற்ற மாநிலங்களிலும் இதே மாதிரி விதிகள் உண்டு. அப்புறம் வேட்டை உரிமம். அதற்கும் பிறகுதான் கடை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். ரைஃபிளுக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும். படிவத்தில் பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம், விசாவே போய்விடும்.

இன்னொன்று: வேட்டை உரிமம் காலாவதியான நாளில் அந்த விலக்கும் போய்விடும். ரைஃபிள் வீட்டில் இருக்கும் வரை உரிமத்தை இடைவெளி இல்லாமல் புதுப்பியுங்கள். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். ஒருமுறை கட்டும் கட்டணம், ஆண்டுக்கணக்கான நிம்மதி.

எந்தக் கம்பெனி ரைஃபிள்?

இன்றைய போல்ட் ஆக்‌ஷன்களில் விலை குறைந்தவையும் 100 கஜத்தில் மூன்று குண்டுகளை ஒன்றரை அங்குலத்துக்குள் போடுகின்றன. மானுக்கு அது மிகையான துல்லியம், கொயோட்டிக்கும் போதும். ருகர் அமெரிக்கன், ஸாவேஜ் ஆக்ஸிஸ் இரண்டும் சிக்கனம். ஸாவேஜ் 2003-இல் கொண்டுவந்த அக்யூட்ரிகர், வாங்குபவரே பாதுகாப்பாகச் சரிசெய்துகொள்ளும் விசை. அதைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகளும் நல்ல விசை கொடுக்கத் தொடங்கின.

கையில் காசு இருந்தால் நான் சொல்வது பின்லாந்தின் ரீஹிமாக்கி ஊரில் சாக்கோ தொழிற்சாலை செய்யும் டிக்கா டி3எக்ஸ். லைட் வகை ஆறரை பவுண்டுதான். அதன் போல்ட் வழுக்கிக்கொண்டு போவதை ஒருமுறை கையால் உணர்ந்தால் மற்றதைத் தொட மனம் வராது. ஜப்பானின் ஹோவா 1500-உம், அதையே அடிப்படையாகக் கொண்ட வெதர்பி வேன்கார்டும் சற்றுக் கனம், ஆனால் உறுதி.

பெயரைவிட முக்கியம் உங்கள் உடம்புக்குப் பொருந்துவது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் வைக்கும், தோளில் பதியும் பின்கட்டையின் நீளம் பலருக்கு, குறிப்பாக உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும், அரை அங்குலமோ ஓர் அங்குலமோ கூடுதல். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றுங்கள். கண் திறந்ததும் ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டவோ குறுக்கவோ வேண்டியிருந்தால் அது உங்கள் ரைஃபிள் இல்லை. இளையோருக்கான குறுங்கட்டை வகைகளைக் கேட்க வெட்கப்படாதீர்கள். குளிருக்கு நாலு அடுக்கு உடுப்பு போட்ட பிறகு கட்டை இன்னும் நீளமாகத்தான் தோன்றும்.

குழல் கனமாக வேண்டுமா, மெல்லியதா?

மானுக்கு ஒரு நாளில் ஒரு குண்டு, மிஞ்சினால் இரண்டு. மெல்லிய குழல் போதும், மலை ஏறும்போது அதன் அருமை தெரியும். ப்ரெய்ரி டாக் நிலத்தில் மணிக்கணக்கில் சுடுவார்கள். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகி, குண்டு விழும் இடம் நகரத் தொடங்கும். .243 மாதிரி, சிறிய துளை வழியே நிறைய மருந்தை எரிக்கும் தோட்டா சூடான குழலின் தொண்டையை, அதாவது சுருள் வரிகள் தொடங்கும் இடத்தை, அரித்துவிடும். .308 குழல் தாங்கும் அளவு .243 குழல் தாங்காது. அதனால்தான் அந்த மாதிரிப் பயணத்துக்குத் தனியாக ஒரு கனக்குழல் .223 நல்லது என்கிறேன்.

ஒரே ரைஃபிள் வைத்திருந்தால், ஐந்து குண்டுக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்துவைத்து ஆறவிடுங்கள். குழலைக் கையால் தொட்டுப் பிடிக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்கள்.

ஸ்கோப் எவ்வளவு பெரியது?

3-9 மடங்கு, 40 மில்லிமீட்டர் கண்ணாடி. கொயோட்டி வேலை அதிகம் என்றால் 4-12. காட்டுக்குள் 40 கஜத்தில் மான் எதிர்ப்பட்டால், குறைந்த உருப்பெருக்கம்தான் காப்பாற்றும். அதிகத்தில் வைத்திருந்தால் முடி மட்டும்தான் தெரியும். நடக்கும்போது எப்போதும் குறைந்த எண்ணிலேயே வையுங்கள். ரைஃபிளில் மிச்சம்பிடித்து, நல்ல ஸ்கோப்புக்கும் உறுதியான பிடிப்பு வளையங்களுக்கும் செலவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டு வகைத் தோட்டாவுக்கு ஸ்கோப்பை எப்படிச் சரிசெய்வது?

58 கிரெய்னும் 100 கிரெய்னும் ஒரே இடத்தில் விழாது. மேல்கீழ் மட்டுமில்லை, பக்கவாட்டிலும் விலகும். எவ்வளவு என்பது ஒவ்வொரு குழலுக்கும் வேறுபடும், சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மான் தோட்டாவை 200 கஜத்தில் சரியாக விழும்படி வையுங்கள். 100 கிரெய்ன் குண்டு அப்போது 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே போகும், 300 கஜத்தில் ஏறத்தாழ 7 அங்குலம் கீழே போகும். அப்புறம் ஸ்கோப்பைத் தொடாமல் அதே தாளில் 58 கிரெய்ன் மூன்று சுடுங்கள். எத்தனை க்ளிக் (ஸ்கோப் திருகின் ஒரு சிறு படி) வித்தியாசம் என்று எழுதி, பின்கட்டையில் ஒட்டிவையுங்கள். பருவம் மாறும்போது அத்தனை க்ளிக் திருப்பி, ஆறிய குழலில் ஒரு குண்டு சுட்டு உறுதிசெய்த பிறகே கிளம்புங்கள். மானுக்கு நீங்கள் சுடப்போவது ஆறிய குழலின் முதல் குண்டுதான்.

காதுக்கு அடைப்பும் மேலே கவசமும் இல்லாமல் ஒரு குண்டுகூட வேண்டாம். ரைஃபிள் ஓசை 140 டெசிபெல்லைத் தாண்டும், ஒரே ஒரு முறையே காதைக் கெடுக்கும் அளவு அது.

எவ்வளவு தூரம் சுடலாம்?

மேசையில் சாய்த்துச் சுடும் தூரம் கணக்கில் வராது. மண்டியிட்டோ, குச்சியில் தாங்கியோ, மூச்சு வாங்கிக்கொண்டே, ஐந்துக்கு ஐந்தும் 8 அங்குலத் தட்டில் விழும் தூரம் எதுவோ, அதுதான் மானுக்கு உங்கள் எல்லை. முதல் ஆண்டில் பலருக்கு அது 100 கஜம். அதில் குறை ஒன்றுமில்லை, கிழக்குக் காடுகளில் பெரும்பாலான மான்கள் அதற்குள்தான் விழுகின்றன.

காற்று தனி. மணிக்கு 10 மைல் பக்கக் காற்று, 300 கஜத்தில் .223-இன் 55 கிரெய்ன் குண்டை ஏறத்தாழ ஓர் அடி தள்ளிவிடும். .243-இன் மான் குண்டை 8, 9 அங்குலம். நெஞ்சைக் குறிவைத்தது வயிற்றில் படும் தூரம் அது.

குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். மேட்டின் உச்சியில் வானத்தோடு நிற்கும் விலங்கை, எவ்வளவு அருமையான கொம்பாக இருந்தாலும், சுடவே கூடாது.

ஈயக் குண்டா, செப்புக் குண்டா?

கலிஃபோர்னியாவில் கேள்வியே இல்லை. 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. காண்டார் கழுகுகள் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலில் இருந்த ஈயத் துணுக்குகளைத் தின்று விஷமேறிச் செத்ததுதான் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம்.

மற்ற மாநிலங்களில் உங்கள் விருப்பம். நான் மானுக்குச் செம்புதான் சொல்வேன். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைச் சுற்றிச் சிதறும். அந்தக் கறியை உங்கள் வீட்டுக் குழந்தைகள்தான் சாப்பிடப் போகிறார்கள். செம்பு லேசு, அதனால் அதே எடைக்கு நீளம் கூடும். 100 கிரெய்னுக்குப் பதில் பார்ன்ஸின் 80 அல்லது 85 கிரெய்ன் செப்புக் குண்டை எடுங்கள். .243-இன் வழக்கமான சுருள் வரிக்கு அது நன்றாகப் பொருந்தும், ஊடுருவலும் குறையாது.

ப்ரெய்ரி டாக் சுடுவது சரியா?

நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி. மானைச் சாப்பிடுகிறோம். ப்ரெய்ரி டாக்கைச் சுடுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. மாடு மேய்ப்பவருக்குப் புல் நட்டம் என்பது உண்மை. ஆனால் கருங்கால் ஃபெரட் என்ற சிறிய வேட்டை விலங்கு முழுக்க ப்ரெய்ரி டாக்கை நம்பித்தான் வாழ்கிறது. அது அழிந்தே போனது என்று நினைத்திருந்த வேளையில், 1981-இல் வயோமிங்கின் மீட்டீட்சி ஊர்ப்பக்கம் ஒரு சிறு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று காட்டில் இருப்பவை அந்தக் கூட்டத்தின் வழி வந்தவை. ப்ரெய்ரி டாக் கூட்டங்கள் இல்லாமல் அவற்றுக்கு உணவும் இல்லை, வளையும் இல்லை. யூட்டா ப்ரெய்ரி டாக் என்ற இனமே கூட்டாட்சிப் பாதுகாப்பில் இருக்கிறது.

நில உரிமையாளர் பயிருக்காகவோ மேய்ச்சலுக்காகவோ கேட்டால், அவர் காட்டும் இடத்தில் சுடலாம். பொழுதுபோக்காக எண்ணிக்கை கூட்டுவதற்கு என்னால் ஆதரவு சொல்ல முடியாது. சுட்டதை அப்படியே விட்டால் கழுகும் பருந்தும் தின்னும் என்பதால், அங்கேயும் ஈயமில்லாத குண்டுதான் முறை.

காட்டுப்பன்றிக்கு .243 போதுமா?

நடுத்தரப் பன்றிக்குச் செம்போ பார்ட்டிஷனோ போட்டு, காதுக்குப் பின்னாலோ தோளுக்குப் பின்னாலோ சுட்டால் போதும். பெரிய ஆண் பன்றிக்கு .308 நல்லது. டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு பன்றி சுட 2019 முதல் வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் மேலே சொன்ன விசா விலக்குக்கு அது தேவை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய ரைஃபிள் வாங்கலாமா?

தாராளமாக. .243-இல் பழைய ரைஃபிள்கள் நிறையச் சந்தைக்கு வருகின்றன. மான் வேட்டைக்கு மட்டும் போன ரைஃபிள் வெளியே கீறல்பட்டு, உள்ளே புதுசாக இருக்கும். ப்ரெய்ரி டாக்கிற்குப் போனது வெளியே பளபளவென்று, உள்ளே தொண்டை தேய்ந்திருக்கும். துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து உள்நோக்குக் கருவியால் தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரெமிங்டன் 700 என்றால் விசையை விசாரியுங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளை, தானாகவே வெடிக்கும் அபாயம் காரணமாக அந்தக் கம்பெனி 2014-இல் திரும்ப அழைத்தது. மாற்றியதற்கு அடையாளம் இருக்கிறதா என்று தச்சர் பார்த்துச் சொல்வார். அதைவிடப் பழைய 700-க்கும் விசையைச் சோதிக்காமல் தோட்டா ஏற்றாதீர்கள்.

.244 என்று பொறித்த பழைய ரெமிங்டன் மலிவாகக் கிடைத்தால், கொயோட்டிக்கு மட்டும் என்றால் எடுங்கள். மானுக்கும் வேண்டும் என்றால் 90 கிரெய்னுக்கு மேல் போகாதீர்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்படி வைப்பது?

இரும்புப் பெட்டி, சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியது. அதற்கான பணத்தை ரைஃபிள் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். போல்ட்டைக் கழற்றித் தனியாக வைத்தால் இன்னும் நல்லது. தோட்டா வேறு பூட்டில். சாவி உங்களிடமும் உங்கள் துணையிடமும் மட்டும். வேட்டையில் இருந்து எவ்வளவு களைப்போடு திரும்பினாலும், சாப்பாட்டில் உட்கார்வதற்கு முன்பே ரைஃபிள் காலியாகிப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும்.